வெய்யி என்றால் ஆயிரம்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

ரேணிகுண்டாவில் ஒரு பட்டறை வாசலில் மூன்று நாள் வேலைக்கு நின்று, வெறுங்கையோடு திரும்பியதை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதன் பிறகு நெமிலிக்கோனை அணையில் பணியில் சேர்ந்ததை இந்த வாரம் முறைப்படி தொடங்கியிருக்க வேண்டும். முறையைச் சற்றே மீறி, அந்த அணைக்கரையில் பல வருடம் கழித்து நிகழ்ந்த ஒரு பிற்பகலை முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன். இந்த அவசரத்தின் காரணம் போகப்போக விளங்கும்.

கார்த்திகை மாதம். மழை பிடித்து மூன்றாம் நாள். பகல் இரண்டு மணிக்கே கரையெல்லாம் மங்கிக் கிடந்தது. நான் மதகறையின் படிக்கட்டில், மேலிருந்து இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு படியில்தான் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும். போனைப் பால் கவருக்குள் போட்டுச் சுற்றி, காற்றின் இரைச்சலுக்கு ஈடுகொடுக்க ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். கவரிலிருந்து புளித்த பால் வாடை வந்தது.

இருபது அடி தள்ளி, ஷட்டரைத் தூக்கி இறக்கும் சக்கரத்தின் மேல் இரு கைகளையும் வைத்தபடி தேசப்பன் நின்றான். தலையில் சாக்குக் கொங்காணி. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் அவன் மூக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

போனில் பேசியவர் எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. கடலோர ஜில்லாவிலிருந்து வந்த தெலுங்கர், இளம் வயதினர். எங்கள் இருவரில் போனை எடுத்தது யார் என்றும் கேளாமல், காதில் விழுகிறதா என்று கத்தினார்.

"ஏமய்யா, வினபடுதுந்தா? கேட்டு வெய்யி! வெய்யி!"

அவ்வளவுதான். இணைப்பு அறுந்தது.

தேசப்பன் சக்கரத்தை விடாமலே என் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"இன்னாணா சொல்றாரு?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒருவன் வெற்றிலையை மடித்து வாயில் வைக்கும் நேரம் இருக்கும். அந்த நேரத்தைப் பற்றித்தான் இந்த அத்தியாயம்.

ஏரியின் வயிறு

நெமிலிக்கோனையைக் காணாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆந்திர எல்லைக்குள், சத்தியவேட்டுக்கு மேற்கே, மலை இறங்கி வரும் இரு ஓடைகளை மறித்து மண்கரை கட்டிய நீர்த்தேக்கம் அது. மக்கள் அணை என்பார்கள், ஏரி என்பார்கள், தெலுங்கில் செருவு என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

ஏரியில் தண்ணீர் நிறுத்துவது சோம்பேறி வேலை என்று பலர் எண்ணுகிறார்கள். வருடம் முழுவதும் ஒரு மனிதனுக்குப் பத்தியம் போட்டுப் பார்ப்பதைப் போன்றது அது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் சுருங்கி, அளவுக்கல்லின் அடிப்பகுதி சேற்றில் பல்லிளிக்கும். அப்போது கால்வாய்க்கு ஒரு சொட்டும் விடக்கூடாது, ஆடு மாடு குடிக்க வேண்டும். ஆடியில் மலையடி மழை வந்தால், வந்ததையெல்லாம் பிடித்து வைக்க வேண்டும். ஐப்பசியில் ஏரி தானாகவே மளமளவென்று ஏறும்.

ஆபத்து அப்போதுதான். நிறைந்த ஏரியைப் பார்த்தால் விவசாயிக்கு ஆனந்தம், எங்களுக்கு இரவுத் தூக்கம் போய்விடும். கார்த்திகை தீபம் வரைக்கும் புயல் வரக்கூடும். ஆகையால் அதுவரை இரண்டு அடி காலியாக வைத்திருந்து, தீபம் கழிந்த பிறகே, மிகுதி நீர் வழிந்தோடும் கலங்கல் மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். முந்தி நிரப்பினால் கரைக்கு மோசம், பிந்தினால் தையில் விட வேண்டிய இரண்டாம் போகத் தண்ணீருக்கு மோசம்.

அந்த இரண்டு அடிக்காகத்தான் வருடந்தோறும் சண்டை. "இருக்கிற தண்ணிய தடா தாண்டி கடலுக்கு வுட்டுட்டு, மாசியில எங்கள இன்னா பண்ணச் சொல்ற?" என்று ஊரார் கேட்பார்கள். அவர்கள் ஏ.இ.யிடம் போய் நிற்பார்கள். ஏ.இ. எங்களுக்குப் போன் போடுவார்.

அவனும் நானும்

என் பதவி ஒர்க் இன்ஸ்பெக்டர். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களை வைத்து நானே தமிழ் வசனம் பழகினேன். பேருந்துப் பலகைகளைப் பார்த்துத் தெலுங்கு எழுத்து கற்றேன். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அளவுக்கல்லைப் பார்த்து, நீர்மட்டத்தை ரிஜிஸ்டரில் குண்டுகுண்டான தெலுங்கு எழுத்தில் எழுதுவேன். ஒரு அடித்தல் திருத்தல் இராது.

தேசப்பன் லஸ்கர். அதாவது மதகுக்கு ஆள், ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும் அவன் பொறுப்பு. என்னைவிட எட்டு வயது இளையவன், எனக்குப் பத்து வருடம் பின்னால் வேலைக்கு வந்தவன். தன் பெயரை எழுத ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வான்.

நீர்மட்டம் எவ்வளவு என்று அறிய விரும்பும் ஒருவர், ஐயா, யாரிடம் கேட்க வேண்டும்? ரிஜிஸ்டர் என்னிடம் இருந்தது. ஊரார் என்னைக் கடந்து போய் அவனிடம் கேட்டார்கள்.

"தேசப்பா, எவ்ளோ கீது?"

அவன் அளவுக்கல்லின் பக்கம் திரும்பவும் மாட்டான். கரைச்சரிவில் பதித்த கற்களில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "பதினோரு அடிக்கி ரவ கம்மி" என்பான். நான் போய்ப் பார்த்தால் பதினோரு அடிக்கு ஒரு அங்குலம் குறைவாக இருக்கும். அது எனக்கு எப்படி எரிந்தது என்பதை எந்த வசனத்தில் எழுதினாலும் குறையாகவே இருக்கும்.

இன்னொரு வித்தையும் அவனிடம் இருந்தது. ஓடை ஏரியில் கலக்கும் முனைக்குப் போய் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி, நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, கீழே விடுவான். "மேல நல்ல மழ" என்பான். அல்லது "இது பழைய தண்ணி" என்பான். அதை வெறும் வேஷம் என்றே நான் கருதினேன். கருத விரும்பினேன் என்று எழுதுவது கூடுதல் நேர்மை.

வீட்டிலும் எனக்குப் புகலில்லை. ஒரு நாள் சாப்பாட்டின்போது, இந்த வருடம் ஏரி தை மாதத்துக்குள் நிரம்பாது என்று என் மனைவி வள்ளியம்மாளிடம் கணக்கோடு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் ரசத்தை ஊற்றியபடி, "தேசப்பன் ரொம்பும்னு சொன்னானாம். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க துன்னுங்க" என்றாள். அந்த ரசம் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது. ஏரி நிரம்பியது.

அவனைக் குறை சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. குடிப்பவன் அல்லன், பொய் பேசுபவன் அல்லன். "அண்ணா, அண்ணா" என்று என் பின்னாலேயே வருவான். என் சைக்கிள் செயின் கழன்றால் ஓடிவந்து மாட்டுவான். கெட்டவன் மீது வரும் வெறுப்பில் ஒரு நியாயமாவது இருக்கும். நல்லவன் மீது வரும் பொறாமையை வைத்துக்கொண்டு ஒருவன் எங்கே போவான்?

ஒரு சொல், இரண்டு பொருள்

இப்போது படிக்கட்டுக்குத் திரும்புவோம்.

தெலுங்கில் ‘வெய்யி’ என்றால் போடு என்று பொருள். கதவு வெய்யி என்றால் கதவைச் சாத்து. கேட்டு என்பது கேட், கேட்டு வெய்யி என்றால் ஷட்டரை மூடு. எங்கள் எல்லைப்புறத்தில் குழந்தைக்கும் தெரிந்த சொல்.

அதே ‘வெய்யி’ என்றால் ஆயிரம் என்றும் பொருள்.

ஏ.இ. மட்டும் மரியாதையாக ‘வெய்யண்டி’ என்று சொல்லியிருந்தால் அதை ஆயிரம் என்று யாராலும் திரிக்க முடியாது. என் மகன் வயதுடையவர் என்னை ஒருமையில் ஏவினார். அந்த ஒருமைதான் எனக்கு வழி திறந்தது.

அன்று காலையிலிருந்து ஷட்டர் ஒரு சாண் உயரம் திறந்திருந்தது. தீபத்துக்கு நாலு நாள் இருந்தது. ஏரி இரண்டு அடி காலியாக இருந்தது. ஊரார் போய்க் கேட்டிருக்கிறார்கள், ஏ.இ. மூடச் சொல்லிவிட்டார். இது எனக்கு ஐயம் திரிபற விளங்கியது.

"இன்னாணா சொல்றாரு?" என்றான் தேசப்பன், இரண்டாம் முறை.

மூடச் சொன்ன நேரத்தில் அவன் ஆயிரம் கன அடி திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஓடை அதைத் தாங்கும், யாருக்கும் சேதமில்லை. ஏரித் தண்ணீர் மட்டும் வீணாகப் போகும். ஊரே அவன் மேல் பாயும். தெலுங்கு புரியாமல் ஏரியைக் காலி செய்தவன் என்ற பெயர் அவனுக்கு நிற்கும். அதன் பிறகு ‘எவ்வளவு இருக்கிறது’ என்று கேட்க யாரிடம் வருவார்கள்?

"ஆயிரம்" என்றேன். "ஆயிரம் விடச் சொல்றாரு."

அவன் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தான். கொங்காணிக்குள் இருந்த அவன் முகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

"கரெக்டா கேட்டியாணா?"

"எனக்குத் தெலுங்கு சொல்லித் தர்றியாடா நீ?"

அவன் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினான். கிரீஸும் துருவும் கலந்த வாடை காற்றில் வந்தது. ஷட்டரின் கீழிருந்து தண்ணீர் முதலில் முனகி, பிறகு உறுமி வெளியேறியது.

நான் மதகறைக்குள் போய் ரிஜிஸ்டரைத் திறந்தேன். எழுத்து பிசகாமல் எழுதினேன்: ‘தொலைபேசி ஆணையைக் கேட்டு ஆயிரம் கன அடி திறந்தவர்: தேசப்பன், லஸ்கர்.’ பழி தப்பாமல் அவன் பெயரில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, அந்தப் பெயரின் கீழ் ஒரு கோடும் போட்டேன்.

மறுநாள்

அன்று மாலையே கரையில் கூட்டம் கூடிவிட்டது. மூடச் சொல்வதாக ஏ.இ. அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். ஏரி முக்கால் அடி இறங்கியிருந்தது. "இன்னாடா தேசப்பா, ஒங்கப்பன் வூட்டுத் தண்ணியா?" என்று ஒருவர் ஏசினார். மற்றொருவர், "தெலுங்கு தெரியாதவன எல்லாம் மதகாண்ட நிக்க வெச்சா இப்படித்தான்" என்றார். தேசப்பன், "ஆர்டரு வந்துச்சிப்பா" என்று மட்டும் சொன்னான். என்னைக் காட்டவில்லை. மழை சிக்னலையும் கொண்டுபோய்விட்டதால் ஏ.இ.யிடம் யாரும் பேச முடியவில்லை. மறு ஆணை இல்லாமல் ஷட்டர் இரவெல்லாம் திறந்தே கிடந்தது. தூறலில் நின்றபடி ஒவ்வொரு ஏச்சையும் நான் காது குளிரக் கேட்டேன்.

மறுநாள் பொழுது விடிந்து, கரையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மலைமேல் இருந்த ஒரு சிற்றேரி உடைந்தது.

அந்தத் தண்ணீர் வரும் ஓசை முதலில் லாரிகள் வரிசையாக வருவது போல் இருந்தது. மரக்கிளைகளும், ஒரு வைக்கோல் போரின் தலையும், யாருடையதோ பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தன. ஏரி கண்ணெதிரே ஏறியது. அளவுக்கல்லின் கடைசி எண்ணும் மூழ்கியபின் ரிஜிஸ்டரில் எழுத என்னிடம் எண்ணே இல்லை. கரையின் கீழ் மூன்று ஊர்கள். அவற்றில் ஒன்றில் வள்ளியம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

கரையின் உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் தண்ணீர் நின்றது. நின்று, யோசித்து, மெல்ல இறங்கத் தொடங்கியது.

முந்தின நாள் ஷட்டரை மூடியிருந்தால் அந்த ஒரு முழம் இருந்திராது. இதைக் கணக்குப் போட ஆறாம் வகுப்பே போதும்.

நண்பகலில் ஏ.இ. ஜீப்பில் வந்து சேர்ந்தார். தண்ணீரைப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார். நான் கோடு போட்டிருந்த பெயரில் அவர் விரல் நின்றது. முதலில் அவருக்குக் குழப்பம், பிறகு சிரிப்பு, பிறகு கண்ணீர். தாம் மூடச் சொன்னதை ஆயிரம் என்று கேட்கவைத்தது திருமலையில் இருக்கும் பெருமாள்தான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லி, சேற்றில் நின்ற தேசப்பனை நோக்கிக் கும்பிட்டார்.

"தேசப்பகாரு, மீரு தேவுடண்டி!"

மரியாதைக்கு ‘காரு’ வந்தது, ‘அண்டி’யும் வந்தது, நீங்களே தெய்வம் என்ற பட்டமும் வந்தது. எல்லாம் அவனுக்கு.

தேசப்பன் கூச்சத்தோடு என் பக்கம் கை நீட்டினான். "சார், போன்ல கேட்டது அண்ணன்தான்..."

போனில் கேட்டது நான் என்று தெரிந்தால், இத்தனை தெலுங்கு தெரிந்தவன் எப்படித் தவறாகக் கேட்டான் என்ற கேள்வி வரும். முந்திக்கொண்டு, "இல்ல சார், தேசப்பன்தான் கேட்டான். ரிஜிஸ்டர்லயே கீது பாருங்க" என்றேன்.

அப்படியாக, ஐயா, முழுப் புகழையும் என் வாயாலேயே அவனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஆயிரம் தேசப்பன்

அன்று முதல் அவன் பெயர் ஆயிரம் தேசப்பன். தெலுங்குக்காரர்களுக்கு வெய்யி தேசப்பா. கல்யாணப் பந்தியில் முதல் இலை அவனுக்கு. புத்தூர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போனாலும், "நீதானா அந்த ஆயிரம்?" என்று தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள். நானும் அருகில் நிற்பேன், எனக்கும் ஒரு தேநீர் வரும். அதைக் குடிப்பேன்.

என் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். ஊரைக் காத்த சொல் என் வாயிலிருந்து வந்தது. அதை என்னுடையது என்று சொன்னால், என்ன நினைத்துச் சொன்னேன் என்பதையும் சொல்ல வேண்டும். பிறன் பொருளைக் கண்டு பொறாமைப்படுவார் உண்டு. என் சொந்தப் பொருள் பிறன் வீட்டில் இருப்பதைக் கண்டு, கேட்கவும் முடியாமல், வருடக்கணக்கில் வெந்தேன்.

இருவரும் ஓய்வு பெற்றோம். நான் எழுத உட்கார்ந்தேன். தேசப்பன் ஓய்வுக்குப் பிறகும் நாள்தோறும் அணைக்குப் போகிறான். புதிதாக வந்த லஸ்கருக்குக் கிரீஸ் போடக் கை வலிக்கிறதாம்.

நிற்க. சென்ற மாதம் ஊரார் நால்வர் என் வீட்டுக்கு வந்தார்கள். வரும் தையில், இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாளில், மதகின் பக்கத்தில் ஒரு கல் நடப்போகிறார்கள். தேசப்பன் பெயரில். "வாசகம் நீங்கதான் எழுதணும். ஒங்க எழுத்து மாதிரி வராது" என்றார்கள். இத்தனை வருடம் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதுவும் அவன் வழியாக வந்தது.

மறுநாள் அணைக்குப் போனேன்.

இரண்டாம் முறை

தேசப்பன் மதகறை வாசலில் உட்கார்ந்து, பழைய துணியில் ஷட்டர் திருகாணியின் புரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"தேசப்பா, அன்னிக்கி ஏ.இ. ஆயிரம்னு சொல்லல. மூடத்தான் சொன்னாரு."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்ணா."

"இன்னா தெரியும்?"

"ஸ்பீக்கர்ல தான போட்டு வெச்சிருந்த? ஊருக்கே கேட்டிருக்கும். கேட்டு வெய்யி, வெய்யின்னு ரெண்டு தபா கத்துனாரே."

"அப்பறம் எதுக்குடா என்ன கேட்ட?"

இப்போதுதான் அவன் நிமிர்ந்தான்.

"காலீல ஓடத் தண்ணிய அள்ளிப் பாத்தேன்ணா. மழத் தண்ணி செவப்பா இருக்கும். அது கறுப்பா வந்துக்கினு இருந்துச்சி, சேத்து நாத்தம் வேற. மேல எந்த ஏரிக் கரையோ கரஞ்சிக்கினு கீதுன்னு பட்டுச்சி. தொறக்கணும்னு கை துடிக்கிது. ஆர்டரு இல்லாம தொறந்தா வேல பூடும். மூணு பொண்ணுங்கள வெச்சிக்கினு இன்னா பண்ணுவேன்? அந்தாளு மூடுன்னு கத்துறாரு. சரி, அண்ணன் இன்னா சொல்லுதுன்னு பாப்போம்னு கேட்டேன். நீ ஆயிரம்னு சொல்லிட்ட."

அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"நீயும் தண்ணியப் பாத்துக்கினுதான் கீறன்னு அப்பதான் தெரிஞ்சிக்கினேன். எனக்கோசரம் பொய் சொன்ன. அப்பறம் பேரு வந்தப்ப அதயும் எனக்கே வுட்டுட்ட. எவன்ணா வுடுவான்? கல்லுல ஒன் பேரு இல்லாம என் பேரு நிக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஒன் பேருதான் மேல வரணும்."

அன்று ஓடைத் தண்ணீரை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. அது கறுப்பா, சிவப்பா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது.

"அப்படித்தானணா?" என்று கேட்டான் தேசப்பன்.

மறுபடியும் வெற்றிலை மடிக்கும் நேரம் கிடைத்தது. இத்தனை காலம் நான் ஏங்கிய புகழை அவனே தட்டில் வைத்து நீட்டினான். நான் செய்யாத நல்லதையும் சேர்த்து வைத்திருந்தான்.

"ஆமாம்" என்றேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வந்தது அதே பழைய எரிச்சல். இத்தனை வருடம் ஒருவனைப் பற்றி நல்லதே நினைத்துக்கொண்டு அவனால் எப்படித் தூங்க முடிந்தது? அந்த நினைப்பின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது, ஐயா.

புத்தூரில் கல் தச்சர் இரண்டு பெயரையும் சுண்ணக்கட்டியால் கல்லின் மேல் எழுதி வைத்திருக்கிறார். மேலே என் பெயர், கீழே அவன் பெயர். உளி வைக்க என் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார். இந்த இதழ் அச்சாகி வந்ததும் ஒரு படியைத் தச்சருக்கும் ஒரு படியைத் தேசப்பனுக்கும் கொடுக்கப் போகிறேன். தேசப்பன் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். நெடுநேரம் ஆகும். படித்து முடிக்கும் வரை நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன்.

தச்சர் மேல் வரியை ஈரத்துணியால் துடைத்துவிடட்டும். சுண்ணம்தான், போய்விடும்.

வாசகர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் பக்கங்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாமல் எங்கேனும் எடுத்து வையுங்கள்.